விதையில்லாமல் முளைத்த தங்கம்

கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, அட்டையில் சொட்டு விட்டு, ஒரு கோடா இரண்டு கோடா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்தச் சிவப்புக் கோடு எதனால் ஆனது என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சாயம் என்றார்கள். சாயத்தில் பிழைத்த ஊர், வேறெப்படிச் சொல்லும்? பெரும்பாலான அட்டைகளில் அது சாயமல்ல. தங்கம். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத தங்க மணிகள். அவ்வளவு சிறிதாகிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருக்காது, திராட்சை ரசம் போலச் சிவந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் இப்போது அந்தத் தங்க நீரைப் புட்டியில் அடைத்து விற்பவர்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள். போன மாதம் அங்கிருந்து அழைத்து, கையால் தங்கம் வளர்த்த காலத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். செய்முறையைத்தான் கேட்டார்கள். செய்முறை ஒரு மாதத்தில் கைக்குப் படிந்துவிடும். அதோடு சேர்த்து ஒரு கேஸையும் எழுதுகிறேன்.

நான் சேவூர்க்காரன். பெயர் சவரிமுத்து. வேதியியல் பட்டம் வாங்கியதும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி வரும். அதே நிறத்தை நம் துணியில் கொண்டுவர வேண்டும். ஒன்பது வருஷம் அதுதான் வேலை. எனக்குத் தெரியாத சிவப்பு திருப்பூரில் இல்லை என்று சொல்லிக்கொள்வேன், அது உண்மையும்கூட. சாயம் துணியைப் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டினோம். கொட்டியதெல்லாம் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

நிறம் பிரித்துப் பார்க்கும் அந்தக் கண்ணுக்காகத்தான் டாக்டர் மெஹருன்னிசா என்னை வேலைக்கு எடுத்தார். பனியன் வியாபாரக் குடும்பத்துப் பெண். வெளியூரில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு வந்து, அப்பாவின் பழைய குடோன் ஒன்றை வெள்ளையடித்து, கர்ப்பம் பார்க்கும் அட்டை செய்யும் கூடமாக மாற்றியிருந்தார். மருந்து வைத்தியம் செய்கிற டாக்டர் இல்லை என்றாலும் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மாதான். முதல் நாள் ஐந்து குடுவைகளில் சிவப்பு நீரை வரிசையாக வைத்து, எது சரியில்லை என்று கேட்டார். நான்காவது லேசாக நீலம் ஓடுகிறது என்றேன். கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வந்துவிடச் சொன்னார்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாவிலிருந்து எல்லாரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். ஆனால் கண்ணாடியை மட்டும் எங்களை நம்பி விடமாட்டார். ஒவ்வொரு குடுவையையும் ராஜ திராவகத்தில் கழுவ வேண்டும். அது தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவை. பிறகு காய்ச்சி வடித்த நீரில் பத்து முறை. கழுவியதை அவர் வாங்கி, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சுவரில் ஒரு கீறலோ அழுக்கோ இருந்தால் தங்கம் நீரில் உருவாகாமல் அந்தச் சுவரிலேயே ஒட்டிப் படர்ந்துவிடும்.

தங்கக் குளோரைடை நீரில் கலந்தால் வெளிறிய மஞ்சள். கொதி வந்ததும் சிட்ரேட் என்ற உப்புக் கரைசலை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாக அல்ல. மஞ்சள் போய் நீர் தெளியும். ஒரு நிமிஷம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். புதிதாக வந்தவர்கள் அந்த நிமிஷத்தில்தான் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கெடுப்பார்கள். பொறுத்தால் சாம்பல் நிறம், அப்புறம் கருநீலம், ஊதா, கடைசியில் சிவப்பு. குடுவைக்குப் பின்னால் வெள்ளைப் பனியன் துணியைப் பிடித்துப் பார்த்து அடுப்பை அணைப்பேன்.

இந்தச் சிவப்பு நீரில் மிதக்கும் மணிகள்தான் விதை. டாக்டரம்மாவின் கண்டுபிடிப்பு இதற்கு மேல்தான் இருந்தது.

எங்கள் அட்டையில் வெள்ளைச் சவ்வுத்தாளில் இரண்டு பொட்டு வரும். மேல்பொட்டு எப்போதும் தெரியும்; அட்டை வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. சிறுநீரில் கர்ப்பத்துக்குரிய பொருள் இருந்தால்தான் தங்க விதை கீழ்ப்பொட்டில் போய் ஒட்டும். ஆரம்ப நாட்களில் ஒட்டுவது மிகக் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதன்மேல் இன்னொரு கரைசலை விடுவோம். ஒரு சிறு குப்பியில் இருக்கும் உலர்ந்த மருந்தை நீரில் கரைத்தால் அந்தக் கரைசல் கிடைக்கும். அதில் கரைந்திருக்கும் தங்கம், தாளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் விதைகளின் மேல் மட்டும் படிந்து அவற்றைப் பெரிதாக்கும். மூன்று நிமிஷத்தில், இல்லாதது போலிருந்த பொட்டு கருஞ்சிவப்பாக எழும். தாளின் மேலேயே தங்கத்தை வளர்க்கிறோம். மற்றவர்கள் பத்து நாள் கழித்துச் சொல்வதை நாங்கள் இன்றைக்கே சொன்னோம். எங்களுக்கு அதில் கர்வம் உண்டு.

விதை இருக்கும் இடத்தில் மட்டும் வளர வேண்டும் என்பதுதான் முழு வித்தையும். உப்பு ஏறி நீர் கெட்டால், கரைந்த தங்கம் விதைக்காகக் காத்திராமல் தானாகவே முளைத்துவிடும். நாங்கள் அதைக் களை என்போம். கீழ்ப்பொட்டில் தடவியிருக்கும் புரதம் ஈர மண் மாதிரி. களை முதலில் பிடிப்பது அங்கேதான். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் நாங்களே வடித்த நீரை ஒரு புட்டியில் அடைத்து அனுப்பினோம். அந்த நீரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்புத்தாளில் ஒரு வரியும் இருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

டாக்டரம்மாவுக்கு இன்னொரு பழக்கம். சரியாக வந்ததைவிடக் கெட்டுப்போனதைத்தான் நோட்டில் விவரமாக எழுதச் சொல்வார். எதையாவது போய்ச் சொன்னால், நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: “பாத்தீங்களா, நெனச்சீங்களா?” நினைத்ததாக இருந்தால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

தொண்ணூறுகளின் பாதியில் எங்கள் அட்டைகளை அதிகம் வாங்கியவை ஆஸ்பத்திரிகள் அல்ல, பனியன் கம்பெனிகள். வேலைக்கு எடுக்குமுன் பெண்களுக்குப் பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. மாசமாக இருந்தால் எடுக்கமாட்டார்கள். எனக்கு அது உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அட்டை உண்மையைச் சொல்கிறது, அதை வைத்து அவர்கள் என்ன செய்தால் எனக்கென்ன என்று இருந்தேன்.

ஒருநாள் காலையில் கூடத்து வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது. குன்னத்தூர்ப் பக்கம், பெயர் மல்லிகா. கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். எங்கள் அட்டை. இரண்டு பொட்டு.

“என்ற ஊட்டுக்காரரு போர் போடற ரிக்கு வண்டீல மத்தியப் பிரதேசம் போயி அஞ்சு மாசமாச்சுங்க” என்றாள். “அட்டை பொய் சொல்லுதா, நானு பொய் சொல்றனான்னு நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க.”

அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் ஒரு பெரிய பனியன் கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லர் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். அங்கிருந்த நர்ஸ் சோதித்துப் பார்த்து, மாசம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அங்கேயே தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த அவளுடைய நாத்தனாருக்கு விஷயம் தெரிந்துவிட, இவள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் இவளுடைய துணிமணிகளை ஒரு பையில் போட்டு வாசற்படியில் வைத்திருந்தார். பையை எடுத்துக்கொண்டு தாய்வீடு போனவள், அட்டையில் அச்சடித்திருந்த முகவரியைப் படித்து விடிந்ததும் எங்களிடம் வந்துவிட்டாள். நர்ஸ் தூக்கிப்போட்ட அட்டையைக் கூடையிலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் புத்தி எனக்கு வராது.

டாக்டரம்மா மறுபடி பார்க்கச் சம்மதமா என்று கேட்டார். எங்கள் புட்டி நீரில் செய்தோம். மேல்பொட்டு மட்டும் வந்தது. வேறொரு கம்பெனியின் சோதனையையும் செய்தார். அதுவும் இல்லை என்றது. மல்லிகா கர்ப்பமாக இல்லை.

அப்புறம் அவர் அந்தப் பழைய அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பொட்டுக்கும் நடுவே வெள்ளையாக இருக்க வேண்டிய தாள், பழைய வேட்டி மாதிரி மங்கிக் கிடந்தது.

பார்த்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மங்கலை நான் முன்பே பார்த்திருந்தேன். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் நீர் வடிக்கும் கருவி பழுதாகியிருந்த நாளில், குழாய் நீரிலேயே ஒரு கரைசலைக் கலந்து பார்த்தேன். சிறுநீரே விடாத வெறும் அட்டையில்கூடக் கீழ்ப்பொட்டு எழும்பியது. என் அவசரத்தால் வந்த பிழை, இதையெல்லாம் எழுதுவானேன் என்று தூக்கிப் போட்டுவிட்டேன். ஒன்பது வருஷம் நிறம் பார்த்த கண் என்ற மிதப்பு. கெட்டுப்போனதை என் கையெழுத்தில் எழுத மனம் வரவில்லை.

அதை அவரிடம் சொன்னேன். மல்லிகாவும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். “அன்னைக்கு நடந்ததுன்னு எழுதுங்க. ஆனா இன்னைக்குத்தான் எழுதறேன்னு இன்னைக்குத் தேதி போடுங்க” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பக்கத்தை எழுதிய பேனாவின் எடைகூட எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எழுதி முடித்ததும் நான் ஆத்திரமாக, கம்பெனியில் குழாய் நீரைத்தான் ஊற்றியிருப்பார்கள் என்றேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நினைத்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

“அப்பப் போயிப் பாக்கலாமுங்க” என்றார்.

மறுநாள் மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு, டாக்டரம்மாவுடைய அப்பாவின் காரில் முதலில் குன்னத்தூர் போனோம். மாமியார் ராமாத்தாள் எங்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. கொங்கு நாட்டில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. டாக்டரம்மா வாசலில் நின்றபடியே, உங்கள் மருமகளைப் பற்றிச் சொன்ன அட்டையைச் செய்தவர்கள் நாங்கள்தான், அது சொன்னது சரியா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் எதையும் முடிவு செய்யுங்கள் என்றார். ராமாத்தாள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுக மல்லிகா முன்சீட்டிலும் அவர் பின்சீட்டிலுமாக வந்தார்கள்.

கம்பெனியில் பர்சனல் மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லவே தயங்கினார். அட்டை கெட்டிருந்தால் அது உங்கள் தவறு, அவளுடைய குடும்பச் சண்டைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார். டாக்டரம்மா இரண்டையும் மறுக்கவில்லை. முந்தாநாள் எப்படிச் செய்தார்களோ அப்படியே இன்னொரு தடவை செய்து காட்டினால் போதும் என்றார்.

நர்ஸ் நடுத்தர வயதுக்காரர், நேர்மையானவர். கேட்டதும் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கூட்டம் அதிகம், மதியத்துக்கு மேல் புட்டி நீர் தீர்ந்துபோனது, டிஸ்பென்சரிக் குழாயில் பிடித்து ஊற்றிக்கொண்டார். பட்டறைகள் வருஷக்கணக்காகக் கொட்டிய உப்பு அந்த ஊர் நீரில் இருந்தது, நான் கொட்டியதும் சேர்த்து. அதற்கப்புறம் வந்த ஒன்பது பேருக்கும் இரண்டு பொட்டு. “ஒரே நாள்ல ஒம்பதான்னு எனக்கும் தோணுச்சுங்க. மேனேஜர்கிட்டச் சொன்னேன். நல்லவேளை பாத்தோம்னு சொன்னாருங்க.” மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கர்ப்பமாக இல்லை என்று உலகத்துக்கே நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் சிறுநீர் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அறையில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் குப்பியை நீட்டினார்.

கொண்டுவந்து கொடுத்தேன். நர்ஸ் தன் கையால், குழாய் நீரில் மருந்தைக் கரைத்து, ஒவ்வொரு படியாகச் செய்தார். சுவர்க் கடிகாரத்தை எல்லாரும் பார்த்தோம். முதல் நிமிஷம் மேல்பொட்டு. இரண்டாம் நிமிஷம் தாள் மங்கியது. மூன்றாம் நிமிஷம் கீழ்ப்பொட்டு மெல்ல எழும்பி, கறுத்து, அழகாக உட்கார்ந்தது. எங்கள் தொழிலில் அவ்வளவு நேர்த்தியான பொட்டு அபூர்வம்.

ராமாத்தாள் குனிந்து அட்டையைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, உங்களுக்கு எத்தனாம் மாசமுங்க?”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜருக்கே உதடு துடித்தது. ராமாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டபோதே அவர் குரல் உடைந்திருந்தது. மருமகள் பக்கம் திரும்பி, “வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்” என்றார்.

எங்கள் வரைக்கும் கேஸ் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மல்லிகா நகரவில்லை. மேஜைமேல் விரித்து வைத்திருந்த ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ற பேரோட இன்னும் எட்டுப் பேரு இருக்குதுங்களே” என்றாள். “அவங்களுக்கு ஆரு போயிச் சொல்றது?”

டாக்டரம்மா என் பையிலிருந்து நோட்டை வாங்கி, எட்டுப் பெயர்களையும் முகவரிகளையும் தானே எழுதிக்கொண்டார். மேனேஜர் அது கம்பெனியின் ரகசியம் என்று ஆரம்பித்தார். “நீங்க சொல்லப் போறீங்கன்னா நாங்க எழுதலீங்க” என்றார் டாக்டரம்மா.

அந்த வாரம் கூடத்தைப் பூட்டிவிட்டோம். கம்பெனிகளுக்குப் போன பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கினோம். மற்ற நேரமெல்லாம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலும் பெண்கள் ஹாஸ்டல்களிலும் கதவு தட்டினோம். மல்லிகாவும் எங்களோடு வந்தாள். கதவைத் திறப்பவர்கள் எங்களைவிட அவளைத்தான் நம்பினார்கள். ஏழு பேரைக் கண்டுபிடித்தோம். ஏழு பேரும் கர்ப்பமாக இல்லை. இரண்டு பேர் கல்யாணமாகாதவர்கள். அதில் ஒருத்தியின் அண்ணன் எங்களை அடிக்கக் கையோங்கினான். டாக்டரம்மா விலகவில்லை. சேதியைக் கேட்டு முடித்ததும் அவன் அங்கேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். அந்தக் கம்பெனியிலிருந்து எல்லாருக்கும் வேலை தருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மல்லிகா போகவில்லை. வேறொரு யூனிட்டில் சேர்ந்து, பின்னாளில் லைன் சூப்பர்வைசர் ஆனாள்.

ஒன்பதாவது பெண் மட்டும் கிடைக்கவில்லை. பெயர் சகுந்தலா. தங்கியிருந்த அறையைக் காலிசெய்துவிட்டுக் கணியூர்ப் பக்கம் ஊருக்கே போய்விட்டாள் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. எழுதாமல் விட்டவன் நான் என்பதால் நானே தேடிப் போனேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. இரண்டு மாதம் கழித்து மூன்றாவது தடவை போனபோது, கணியூருக்கு வெளியே வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அட்டையில் தவறு இல்லை, நீரில்தான் தவறு, ஆனாலும் பொறுப்பு எங்களுடையது, உங்களைப் பற்றிச் சொன்னது பொய் என்று எழுதித் தரவும் தயார் என்றேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக நிமிர்ந்து நின்றாள். அப்போதுதான் கவனித்தேன். வயிறு நான்கு மாதத்துக்குக் குறையாது.

“எனக்குச் சரியாத்தானுங்க சொல்லிச்சு” என்றாள். “கல்யாணமாகி ஆறு வருசங் களிச்சு உண்டாயிருக்குது. அன்னைக்கு அந்த நர்ஸம்மா சொன்னப்ப எனக்குச் சந்தோசந்தானுங்க.”

நான் பெரிய பாரம் இறங்கியவனாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அட்டை நெசத்தச் சொல்லுச்சு, சரிங்க. அதுக்கு ஏனுங்க வேலை இல்லீன்னாங்க?”

உடுமலை வரும் வரை பஸ்ஸில் அதற்குப் பல பதில்களைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மாவிடம் அவள் கேட்டதை அப்படியே, அவள் வார்த்தையிலேயே சொன்னேன். அவர் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. கம்பெனி ஆர்டர் கடிதங்கள் இருந்த கோப்பைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் தன் கையால் பதில் எழுத உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை எங்கள் அட்டை எந்தக் கம்பெனி வாசலுக்கும் போனதில்லை.